வினைவிளைபொருளைக் கணித்து வேதிச் சமன்பாட்டைச் சமன்செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

"எனக்குச் சமன்படுத்த வரவில்லை" என்று சொல்லும் மாணவரின் நோட்டை வாங்கிப் பார்த்தால், பெரும்பாலும் சிக்கல் சமன்படுத்துவதில் இருப்பதில்லை. அதற்கு முந்தைய வரியிலேயே விளைபொருளின் வாய்பாடு தவறாக எழுதப்பட்டிருக்கும். அந்த வாய்பாட்டை வைத்துக்கொண்டு எந்த எண்ணைப் போட்டாலும் விடை சரியாகாது. ஆகவே இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். ஒரு படி முடியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இங்கே எல்லாச் சேர்மங்களையும் பெயரால் எழுதியிருக்கிறேன். படிக்கும்போது பக்கத்தில் நோட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் குறியீட்டில் நீங்களே எழுதிப் பாருங்கள். பெயரைப் பார்த்து வாய்பாடு எழுதும் பழக்கம் வராதவர்களுக்கு மற்ற படிகள் எல்லாமே கடினமாகத்தான் இருக்கும்.

1. தொடங்கும் முன் மனப்பாடமாக இருக்க வேண்டியவை

வேதியியலில் மனப்பாடம் செய்யக் கூடாது என்று சொல்பவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை. அயனிகளின் மின்சுமையை மனப்பாடம் செய்தே ஆகவேண்டும். வேறு வழி கிடையாது.

நேர் அயனிகளில் சோடியம், பொட்டாசியம், சில்வர், அம்மோனியம் ஆகியவற்றுக்கு 1+. மெக்னீசியம், கால்சியம், பேரியம், ஜிங்க் ஆகியவற்றுக்கு 2+. அலுமினியத்துக்கு 3+. இரும்பு 2+ ஆகவும் 3+ ஆகவும் வரும்; காப்பர் 1+ ஆகவும் 2+ ஆகவும் வரும். லெட் பெரும்பாலும் 2+.

எதிர் அயனிகளில் குளோரைடு, புரோமைடு, அயோடைடு, ஹைட்ராக்சைடு, நைட்ரேட், ஹைட்ரஜன் கார்பனேட் ஆகியவற்றுக்கு 1−. ஆக்சைடு, சல்பைடு, சல்பேட், கார்பனேட் ஆகியவற்றுக்கு 2−. பாஸ்பேட்டுக்கு 3−.

தனித்திருக்கும்போது இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருக்கும் தனிமங்கள் ஏழு: ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், புளூரின், குளோரின், புரோமின், அயோடின். இதை மறந்து ஹைட்ரஜன் வாயுவை ஒற்றை அணுவாக எழுதுபவர்கள் மிக அதிகம். அப்படி எழுதினால் கடைசியில் எண்கள் எல்லாமே தவறாகிவிடும்.

2. கொடுக்கப்பட்டதைத் துண்டுகளாகப் பிரியுங்கள்

கேள்வியில் "அலுமினியம் சல்பேட் கரைசலுடன் பேரியம் குளோரைடு கரைசல் சேர்க்கப்படுகிறது" என்று இருந்தால், உடனே அம்புக்குறி போடாதீர்கள். முதலில் நான்கு துண்டுகளை எழுதுங்கள்: அலுமினியம் 3+, சல்பேட் 2−, பேரியம் 2+, குளோரைடு 1−.

கரைசலில் உண்மையில் இருப்பவை இந்த அயனிகள்தான். அலுமினியம் சல்பேட் என்று ஒரு மூலக்கூறு அங்கே மிதந்துகொண்டிருக்கவில்லை. இதை மனத்தில் வைத்தால், எது எதனுடன் சேரும் என்ற கேள்வி தானாகவே எளிதாகிவிடும்.

சல்பேட்டைக் கந்தகமாகவும் ஆக்சிஜனாகவும் உடைக்காதீர்கள். இத்தகைய வினைகளில் பல்லணு அயனி, அதாவது பல அணுக்கள் சேர்ந்த அயனி, அப்படியே இடம் மாறுகிறது. அதை ஒரே துண்டாகவே வைத்திருங்கள்.

3. எந்த வகை வினை என்று முடிவு செய்யுங்கள்

பார்க்க வேண்டியது இடப்பக்கத்தை மட்டும்தான்.

இரண்டு சேர்மங்கள், இரண்டும் அயனிகளால் ஆனவை என்றால் இரட்டை இடப்பெயர்ச்சி. அமிலமும் காரமும் சேர்வது இதிலேயே அடங்கும். ஒரு தனிமமும் ஒரு சேர்மமும் என்றால் ஒற்றை இடப்பெயர்ச்சி. ஒரே ஒரு சேர்மத்தைச் சூடுபடுத்துகிறார்கள் என்றால் சிதைவு. இரண்டு தனிமங்கள் என்றால் சேர்க்கை. கார்பனும் ஹைட்ரஜனும் கொண்ட சேர்மம் ஆக்சிஜனுடன் வந்தால் எரிதல்.

இரட்டை இடப்பெயர்ச்சியில் நேர் அயனிகள் தங்கள் துணையை மாற்றிக்கொள்ளும். முதல் சேர்மத்தின் நேர் அயனி, இரண்டாவதின் எதிர் அயனியுடன் சேரும். நேர் அயனியும் நேர் அயனியும் ஒருபோதும் சேராது. "பேரியம் அலுமினியம்" என்று எழுதப்பட்ட விடைத்தாள்களும் உண்டு. இரண்டாம் படியில் மின்சுமைகளை எழுதியிருந்தால் அந்தத் தவறு நடந்தே இருக்காது.

4. வினை நடக்குமா என்று கேளுங்கள்

பெரும்பாலோர் தாவிவிடும் படி இது. கேள்வியில் இரண்டு பொருள்களைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதாலேயே அவை வினைபுரிந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. "வினை நிகழாது" என்பதும் முழு மதிப்பெண் பெறும் விடைதான்.

இரட்டை இடப்பெயர்ச்சிக்கு ஒரே சோதனை: அயனிகள் கரைசலை விட்டு வெளியேற வழி இருக்கிறதா? வீழ்படிவாக, அதாவது கரையாத திண்மமாக இறங்கலாம், வாயுவாக வெளியேறலாம், நீர் போன்ற அயனியாகாத மூலக்கூறாக மாறலாம். மூன்றில் ஒன்றும் இல்லை என்றால் வினை இல்லை. சோடியம் குளோரைடு கரைசலையும் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலையும் கலந்தால், நான்கு அயனிகளும் கலப்பதற்கு முன் எப்படி இருந்தனவோ அப்படியேதான் இருக்கும். அம்புக்குறிக்கு வலப்பக்கம் எழுத எதுவுமே இல்லை.

வீழ்படிவைக் கணிக்கக் கரைதிறன் விதிகள் தேவை. சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகள் கரையும் என்று எடுத்துக்கொள்ளலாம். நைட்ரேட்டுகள் எல்லாமே கரையும். குளோரைடு, புரோமைடு, அயோடைடு கரையும். சில்வரும் லெட்டும் விதிவிலக்கு. சல்பேட் கரையும், பேரியம், லெட், ஸ்ட்ரான்சியம் விதிவிலக்கு, கால்சியம் சல்பேட் மிகக் குறைவாகவே கரையும். கார்பனேட், பாஸ்பேட், ஹைட்ராக்சைடு, சல்பைடு பொதுவாகக் கரையாது. சோடியம், பொட்டாசியம், அம்மோனியத்துடன் இருந்தால் கரையும். பேரியம் ஹைட்ராக்சைடு கரையும், கால்சியம் ஹைட்ராக்சைடு சிறிதளவு கரையும்.

இந்த விதிகளை ஏட்டில் படித்து மறப்பதைவிட ஒரு முறை கண்ணால் பார்ப்பது மேல். லெட் நைட்ரேட், பொட்டாசியம் அயோடைடு இரண்டும் நிறமற்ற தெளிந்த கரைசல்கள். ஒன்றில் மற்றொன்றின் முதல் சொட்டு விழுந்தவுடனேயே அடர்மஞ்சள் நிறத்தில் லெட் அயோடைடு தோன்றும். அந்த வீழ்படிவு குறைவாகவும் நீர் போதுமானதாகவும் இருந்தால், சோதனைக்குழாயைச் சூடுபடுத்தும்போது மஞ்சள் மறைந்து கரைசல் தெளிந்துவிடும். பிறகு மெல்ல ஆறவிட்டால், மெல்லிய தகடுகளாகப் பொன்னிறப் படிகங்கள் மின்னியபடி கீழிறங்கும். கரைதிறன் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது என்பது அதன் பிறகு மறக்காது. லெட் சேர்மங்கள் நச்சுத்தன்மை கொண்டவை. ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே இதைச் செய்யவேண்டும், மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

ஒற்றை இடப்பெயர்ச்சிக்கு வினைதிறன் வரிசை தேவை: பொட்டாசியம், சோடியம், கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், ஜிங்க், இரும்பு, லெட், ஹைட்ரஜன், காப்பர், சில்வர், தங்கம். மேலே இருப்பது கீழே இருப்பதைச் சேர்மத்திலிருந்து வெளியேற்றும். காப்பர் கம்பியைச் சில்வர் நைட்ரேட் கரைசலில் வைத்தால் கம்பி மீது சில்வர் படிந்து, கரைசல் நீலமாகும். அதே காப்பரை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் ஒன்றும் நடக்காது, ஏனெனில் காப்பர் ஹைட்ரஜனுக்குக் கீழே இருக்கிறது.

இந்த வரிசையில் ஒரு பொறி உண்டு. சோடியத்தைக் காப்பர் சல்பேட் கரைசலில் போட்டால் காப்பர் வெளியேறும் என்று எழுதத் தோன்றும். ஆனால் சோடியம் முதலில் நீருடன்தான் வினைபுரியும். ஹைட்ரஜனும் சோடியம் ஹைட்ராக்சைடும் உருவாகி, அந்த ஹைட்ராக்சைடு காப்பருடன் சேர்ந்து நீல வீழ்படிவைத் தரும். வரிசையின் உச்சியில் இருக்கும் பொட்டாசியம், சோடியம், கால்சியம் மூன்றுக்கும் நீர்க்கரைசல் என்றாலே எச்சரிக்கை தேவை.

ஹாலஜன்களுக்குத் தனி வரிசை: புளூரின், குளோரின், புரோமின், அயோடின். குளோரின் பொட்டாசியம் புரோமைடிலிருந்து புரோமினை வெளியேற்றும். அயோடினால் அது முடியாது.

5. விளைபொருளின் வாய்பாட்டைப் புதிதாகக் கட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இரண்டாம் படியில் எடுத்த எடுத்துக்காட்டுக்கே வருவோம். அலுமினியம் சல்பேட்டின் வாய்பாட்டில் அலுமினியம் 2, சல்பேட் 3. பேரியம் குளோரைடில் பேரியம் 1, குளோரைடு 2. இடம் மாற்றும்போது புதியவர்கள் இந்தக் கீழெண்களையும் அப்படியே வலப்பக்கம் இழுத்துச் செல்கிறார்கள். விளைவு: பேரியம் 1, சல்பேட் 3 என்று ஒரு சேர்மம், அலுமினியம் 2, குளோரைடு 2 என்று இன்னொரு சேர்மம்.

இதன் கொடுமை என்னவென்றால், எண்ணிப் பார்த்தால் இந்தச் சமன்பாடு சமனாகத்தான் இருக்கும். இருபுறமும் அலுமினியம் 2, சல்பேட் 3, பேரியம் 1, குளோரைடு 2. மாணவர் மகிழ்ச்சியுடன் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். ஆனால் வலப்பக்கத்தில் எழுதிய இரண்டு சேர்மங்களுமே உலகில் கிடையாது. பேரியம் 2+ ஒன்றுக்குச் சல்பேட் 2− மூன்று எப்படிப் பொருந்தும்?

அயனி இடம் மாறும்போது கீழெண் கூடவே வராது. கீழெண் என்பது அந்த அயனியின் குணம் அல்ல, பழைய துணையின் மின்சுமையை ஈடுகட்டத் தேவைப்பட்ட எண்ணிக்கை. துணை மாறினால் எண்ணிக்கையும் மாறும். ஆகவே கீழெண்களை எல்லாம் கைவிட்டுவிட்டு, மின்சுமைகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு விளைபொருளையும் புதிதாகக் கட்டுங்கள்.

பேரியம் 2+, சல்பேட் 2−: ஒன்றுக்கு ஒன்று. அலுமினியம் 3+, குளோரைடு 1−: ஒன்றுக்கு மூன்று. முடிந்தது.

மின்சுமைகளைக் குறுக்காக இறக்கி எழுதும் முறையைப் பின்பற்றுபவர்கள், இறக்கியபின் சுருக்க மறக்கக் கூடாது. மெக்னீசியம் 2+, ஆக்சைடு 2− என்றால் இரண்டுக்கு இரண்டு என்று விடாமல், ஒன்றுக்கு ஒன்று என்று எழுதவேண்டும்.

இரும்பு வரும்போது எந்த மின்சுமை என்று தனியாக யோசியுங்கள். காப்பர் சல்பேட்டிலிருந்து காப்பரை இரும்பு வெளியேற்றும்போதும், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் இரும்பு வினைபுரியும்போதும் அது 2+ ஆகிறது. சூடான இரும்பு மீது குளோரின் வாயுவைச் செலுத்தினால் 3+ ஆகிறது; குளோரின் அவ்வளவு வலிமையான ஆக்சிஜனேற்றி, அதாவது மற்றதிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும் பொருள்.

6. நிலைக்காத விளைபொருள்களைக் கண்டுகொள்ளுங்கள்

சோடியம் கார்பனேட்டுடன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால், துணை மாற்றும் விதிப்படி சோடியம் குளோரைடும் கார்பானிக் அமிலமும் வரும். அத்துடன் நிறுத்தினால் சோதனைக்குழாயில் பொங்கும் நுரைக்கு விளக்கம் இருக்காது. கார்பானிக் அமிலம் நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிந்துவிடுகிறது.

இப்படி உடைபவை மூன்று: கார்பானிக் அமிலம், நீரும் கந்தக டை ஆக்சைடுமாகப் பிரியும் சல்பூரஸ் அமிலம், நீரும் அம்மோனியாவுமாகப் பிரியும் அம்மோனியம் ஹைட்ராக்சைடு. வலப்பக்கத்தில் இவற்றில் ஒன்று வந்தால் உடனே உடைத்து எழுதுங்கள். சமன்படுத்திய பிறகு உடைத்தால் எண்ணிக்கை குழம்பும்.

7. இப்போதுதான் சமன்படுத்த வேண்டும்

வாய்பாடுகள் எல்லாம் உறுதியானபின் அவற்றைப் பூட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். இனி மாற்றக்கூடியது வாய்பாட்டுக்கு முன்னால் போடும் எண்ணை, அதாவது கெழுவை மட்டும். நீரில் ஒரு ஆக்சிஜன் குறைகிறதே என்று கீழெண் 2 போட்டால், அது நீராக இருக்காது, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிடும். குடிநீரைப் பற்றிய சமன்பாடு வெளுக்கும் மருந்தைப் பற்றியதாக மாறிவிட்டது.

மிகவும் சிக்கலான வாய்பாட்டிலிருந்து தொடங்குங்கள். எளிய வாய்பாட்டின் எண்ணைக் கடைசியில் எளிதாக மாற்றலாம். சிக்கலானதை மாற்றினால் எல்லாம் கலைந்துவிடும்.

நம் எடுத்துக்காட்டில் சிக்கலானது அலுமினியம் சல்பேட். அதில் சல்பேட் 3, எனவே பேரியம் சல்பேட்டுக்கு 3. அதனால் பேரியம் 3 ஆகிறது, எனவே பேரியம் குளோரைடுக்கும் 3. அதனால் குளோரைடு 6 ஆகிறது, எனவே அலுமினியம் குளோரைடுக்கு 2. அலுமினியம் இருபுறமும் 2.

அலுமினியம் சல்பேட் + 3 பேரியம் குளோரைடு → 3 பேரியம் சல்பேட் + 2 அலுமினியம் குளோரைடு

ஒரு எண்ணைப் போட்டதும் அது எந்தத் துண்டைக் கலைத்தது என்று பார்த்து, அடுத்து அந்தத் துண்டைச் சரிசெய்யுங்கள். கண்ணில் பட்ட இடத்தில் எல்லாம் எண்ணைப் போட்டுப் பார்க்கும் முறை சிறிய சமன்பாட்டில் தப்பிக்கும், பெரியதில் கைவிடும்.

அமில, கார வினைகளில் நீரை ஹைட்ரஜனும் ஹைட்ராக்சைடும் சேர்ந்ததாக எண்ணுங்கள். அலுமினியம் ஹைட்ராக்சைடும் கந்தக அமிலமும் சேர்ந்தால் அலுமினியம் சல்பேட்டும் நீரும் வரும். அலுமினியம் 2 தேவை என்பதால் ஹைட்ராக்சைடுக்கு 2. சல்பேட் 3 தேவை என்பதால் அமிலத்துக்கு 3. ஹைட்ராக்சைடு 6, ஹைட்ரஜன் 6. எனவே நீருக்கு 6. ஆக்சிஜனைத் தனியாக எண்ணவே தேவையில்லை.

ஒரே தனிமத்தின் எண்ணிக்கை ஒருபுறம் ஒற்றையாகவும் மறுபுறம் இரட்டையாகவும் இருந்தால் மீச்சிறு பொது மடங்கு உதவும். பொட்டாசியம் குளோரேட்டைச் சூடுபடுத்தும்போது ஆக்சிஜன் இடப்பக்கம் 3, வலப்பக்கம் 2. பொது மடங்கு 6.

2 பொட்டாசியம் குளோரேட் → 2 பொட்டாசியம் குளோரைடு + 3 ஆக்சிஜன்

8. எரிதல் வினைக்கு மட்டும் தனி வரிசை

கார்பன், பிறகு ஹைட்ரஜன், கடைசியில் ஆக்சிஜன். ஆக்சிஜன் மட்டும்தான் தனித் தனிமமாக நிற்கிறது. அதன் கெழுவை மாற்றினால் வேறு எதுவும் கலையாது. அதனால்தான் அது கடைசி.

சமையல் எரிவாயுவில் உள்ள பியூட்டேனை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் 4, ஹைட்ரஜன் 10. எனவே கார்பன் டை ஆக்சைடு 4, நீர் 5. வலப்பக்கம் ஆக்சிஜன் அணுக்கள் 8 + 5 = 13. இரட்டை அணு மூலக்கூறாக 13 அணுக்கள் வேண்டுமென்றால் ஆறரை மூலக்கூறுகள். இங்கே பலர் பயந்து அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். தேவையே இல்லை. ஆறரை என்றே எழுதிக்கொண்டு, முழுச் சமன்பாட்டையும் இரண்டால் பெருக்குங்கள்.

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 நீர்

எரிபொருளிலேயே ஆக்சிஜன் இருந்தால் அதைக் கழிக்க மறக்காதீர்கள். எத்தனாலுக்கு வலப்பக்கம் ஆக்சிஜன் அணுக்கள் 7. எத்தனால் 1 அணுவைத் தருகிறது. மீதி 6 அணுக்கள், அதாவது 3 மூலக்கூறுகள்.

9. சரிபார்த்தல்

அணுக்களை எண்ணுவது முதல் சோதனை. கெழுக்களைப் பொது எண்ணால் வகுக்க முடிகிறதா என்பது இரண்டாவது. 2, 4, 2, 4 என்று வந்தால் 1, 2, 1, 2 என்று சுருக்குங்கள். மூன்றாவதாக, விளைபொருள் ஒவ்வொன்றின் மின்சுமையும் கூட்டினால் சுழியம் வருகிறதா என்று பாருங்கள். ஐந்தாம் படியில் சொன்ன தவறான சமன்பாடு முதல் இரண்டு சோதனைகளிலும் தப்பிவிடும், மூன்றாவதில்தான் பிடிபடும்.

பிறகு நிலைகளை எழுதுங்கள்: திண்மம், நீர்மம், வாயு, நீர்க்கரைசல்.

10. நிகர அயனிச் சமன்பாடு கேட்டால்

நீர்க்கரைசல் என்று எழுதிய, முழுமையாக அயனியாகும் பொருள்களை மட்டும் அயனிகளாகப் பிரியுங்கள். வீழ்படிவு, வாயு, நீர், அசிட்டிக் அமிலம் போன்ற வலிமை குறைந்த அமிலங்கள் ஆகியவற்றைப் பிரிக்கக் கூடாது. இருபுறமும் மாறாமல் நிற்கும் அயனிகளை அடித்துவிட்டால் மீதி இருப்பதுதான் விடை. லெட் நைட்ரேட் வினையில் பொட்டாசியமும் நைட்ரேட்டும் போய், லெட் 2+ ஒன்றும் அயோடைடு 1− இரண்டும் சேர்ந்து லெட் அயோடைடு ஆவது மட்டும் மிஞ்சும்.

இங்கே மின்சுமையும் இருபுறமும் சமமாக இருக்கவேண்டும். "காப்பர் + சில்வர் 1+ → காப்பர் 2+ + சில்வர்" என்பதில் அணுக்கள் சமம், மின்சுமை சமமில்லை. சில்வருக்கு இருபுறமும் 2 போட்டால்தான் சரி.

11. விதிகள் பொருந்தாத இடங்கள்

உலோகமும் அமிலமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் என்ற விதி நைட்ரிக் அமிலத்துக்குப் பொதுவாகப் பொருந்தாது. அங்கே நைட்ரேட் தானே ஆக்சிஜனேற்றியாகச் செயல்படுகிறது. அடர் நைட்ரிக் அமிலம் காப்பருடன் பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடைத் தருகிறது:

காப்பர் + 4 நைட்ரிக் அமிலம் → காப்பர் நைட்ரேட் + 2 நைட்ரஜன் டை ஆக்சைடு + 2 நீர்

இங்கே நைட்ரேட்டை ஒரே துண்டாக எண்ணினால் சமன் ஆகாது, ஏனெனில் பாதி நைட்ரேட்டுகள் உடைந்திருக்கின்றன. பல்லணு அயனி வலப்பக்கம் முழுதாக வராவிட்டால் தனித்தனி அணுக்களாகவே எண்ணுங்கள்.

சிதைவு வினைகளிலும் உலோகத்தைப் பார்க்கவேண்டும். கால்சியம் கார்பனேட் சூட்டில் ஆக்சைடாக மாறும். சோடியம் கார்பனேட் ஆய்வக விளக்கின் சூட்டுக்கு அசையாது. லெட் நைட்ரேட் ஆக்சைடு வரை போகும். சோடியம் நைட்ரேட் நைட்ரைட்டும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து நின்றுவிடும்.

12. செய்து பார்க்க

விடையை மூடிவைத்துக்கொண்டு, இரண்டாம் படியிலிருந்து முழுமையாகச் செய்யுங்கள்.

கால்சியம் ஹைட்ராக்சைடு + பாஸ்பாரிக் அமிலம். கெழுக்கள் 3, 2; விளைபொருள்கள் கால்சியம் பாஸ்பேட் 1, நீர் 6.

இரும்பு 3+ குளோரைடு + சோடியம் ஹைட்ராக்சைடு. 1, 3, செம்பழுப்பு வீழ்படிவாக இரும்பு ஹைட்ராக்சைடு 1, சோடியம் குளோரைடு 3.

சோடியம் சல்பேட் கரைசல் + பொட்டாசியம் குளோரைடு கரைசல். வினை நிகழாது.

ஈத்தேன் எரிதல். 2, 7, கார்பன் டை ஆக்சைடு 4, நீர் 6.

அம்மோனியம் குளோரைடு + கால்சியம் ஹைட்ராக்சைடு, சூடுபடுத்தப்படுகிறது. 2, 1, கால்சியம் குளோரைடு 1, அம்மோனியா 2, நீர் 2. இதில் அம்மோனியம் ஹைட்ராக்சைடு என்று எழுதி நிறுத்தியிருந்தால் ஆறாம் படிக்குத் திரும்புங்கள்.